ஊடாக: உதவிப் பணிப்பாளர்

அந்தச் சபையில் ஒரு மின்விசிறி நின்றுபோனால், அது நின்றுபோய்விட்டது என்று ஒப்புக்கொள்ளவே நாலு மாதம் எடுக்கும். அப்பேர்ப்பட்ட சபை, அஞ்சலினா முகநூலில் எழுதிய ஆறு வரிகளைக் கண்டதும் மறுநாள் மத்தியானத்துக்குள் ஏழு பேர் கொண்ட விசாரணைக் குழு ஒன்றை அமைத்துவிட்டது. துறைமுகப் பிராந்திய நலன்புரி இணைப்புச் சபையின் பத்தொன்பது வருட வரலாற்றில் இதைவிட வேகமாக நடந்த காரியம் ஒன்றும் கிடையாது.

சபை என்ன செய்கிறது என்று கேட்டால், உட்துறைமுக வீதியால் போய்வருகிறவர்களுக்குத் தெரியாது. உள்ளே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வருடம் போன பிறகுதான் பிடிபடும். வருகிற கடிதங்களைப் பெறுவார்கள். உரியவர்களுக்கு அனுப்புவார்கள். அனுப்பிவிட்டோம் என்று எழுதியவருக்கு இன்னொரு கடிதம் போடுவார்கள். அத்துடன் நலன்புரி முடிந்துவிடும்.

அஞ்சலினா அங்கே தரவு உள்ளிடுகிற பிள்ளை. வயது இருபத்துநாலு, வீடு அன்புவழிபுரம். தகப்பன் ஜக்சன் முச்சக்கரவண்டி ஓட்டியவர், முழங்கால் ஒத்துழைக்காமல் வீட்டோடு இருக்கிறார். மாதம் முடிய வீட்டுக்குள் நிச்சயமாக வருவது அஞ்சலினாவின் சம்பளம் ஒன்றுதான். அதுவும் தற்காலிக நியமனம். மார்ச் முப்பத்தோராம் திகதியோடு முடிகிறது. செயலாளர் நீடிப்புக் கடிதத்தில் ஒப்பம் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவள் இப்படி எழுதினாள்:

“எங்கள் கந்தோரில் ஒரு பெரியவர் இருக்கிறார்.
பைல் எடுக்கப் பதிவறைக்குப் போனால் பின்னாலேயே வந்து கதவைச் சாத்துவார்.
எனக்கு மூன்று தரம் சேட்டை விட்டவர்.
மூன்று தரமும் பயத்தில் நான் கத்தவில்லை.
இப்போது கத்துகிறேன்.
உங்களுக்கும் நடந்திருந்தால், நீங்கள் தனிய இல்லை.”

பெயர் இல்லை, கந்தோரின் பெயர் இல்லை, பதவியும் இல்லை. திருகோணமலையில் கந்தோருக்குப் பஞ்சம் இல்லை. கந்தோருக்கு ஒரு பதிவறையும் ஒரு பெரியவரும் எப்படியும் இருக்கும். ஆனாலும் புதன்கிழமை காலை வாசல் காவலாளி முதல் தேத்தண்ணி ஊற்றுகிறவர் வரைக்கும் ஆள் யாரென்று தெரிந்திருந்தது. எல்லோரையும் விட உறுதியாகத் தெரிந்திருந்தவர் உதவிப் பணிப்பாளர் வின்சன்ட்தான். எட்டுப் பத்துக்கே அந்தப் பதிவை அச்செடுத்துக்கொண்டு செயலாளர் ஸெய்னுதீனின் அறைக்குள் நுழைந்து, தனக்கு மானநஷ்டம் ஆகிவிட்டது என்று முறையிட்டார்.

ஸெய்னுதீன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

“அதுதான் சேர் அவதூறு,” என்றார் வின்சன்ட். “பெயர் போடாமலே எல்லாருக்கும் நான்தான் எண்டு விளங்கிற மாதிரி எழுதியிருக்கிறாள்.”

எல்லோருக்கும் எப்படி விளங்கியது என்ற கேள்வி அந்த அறையில் எழவில்லை. குழு எழுந்தது.

பத்து மணிக்கு அஞ்சலினாவைக் கூப்பிட்டார்கள். ஸெய்னுதீன் துவாய் விரித்த கதிரையில் சாய்ந்திருந்தார். கெட்ட மனிதர் என்று ஒருவரும் அவரைச் சொன்னதில்லை. பெண் ஊழியர்களை “மகள்” என்றுதான் கூப்பிடுவார். கையெழுத்தும் அழகு.

“மகள், இந்தச் சபை பெண்களை மதிக்கிற சபை. அந்தா பாருங்க, மகளிர் தினத்துக்குத் தந்த கேடயம். பிரச்சினை எண்டா எழுதுங்க. எழுத வேணாமெண்டு நான் சொல்லல்ல. ஆனா உரிய வழியூடாக எழுதுங்க. பேஸ்புக் எங்கட நிறுவனக் கட்டமைப்பில எங்க இருக்கு? காட்டுங்க பாப்பம்.”

சுவரில் கட்டமைப்பு வரைபடம் தொங்கியது. கேட்டுவிட்டார்களே என்று அஞ்சலினா உண்மையாகவே தேடினாள். உச்சியில் தலைவர், அடுத்தது செயலாளர், அதற்குக் கீழே உதவிப் பணிப்பாளர். அவரிலிருந்து ஒரு புள்ளிக்கோடு இறங்கி, “தற்காலிகம்” என்று எழுதிய சின்னப் பெட்டியில் முடிந்தது. முகநூல் எங்கேயும் இல்லை.

உரிய வழி என்றால் என்ன என்பதை வெளியாட்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அரச கடிதத்தில் பெறுநரின் பெயருக்குக் கீழே “ஊடாக” என்று ஒரு வரி வரும். லீவு கேட்டாலும், கால் உடைந்த கதிரைக்குப் பதில் இன்னொன்று கேட்டாலும், கடிதம் தன் மேலதிகாரியின் கையூடாகத்தான் மேலே போகும். அவர் படித்து, அடியில் “பரிந்துரைக்கிறேன்” அல்லது “பரிந்துரைக்கப்படவில்லை” என்று எழுதி ஒப்பம் வைப்பார். அந்த ஒப்பம் இல்லாத கடிதம் கடிதமே இல்லை. அஞ்சலினாவின் மேலதிகாரி வின்சன்ட்.

“அவர் ஊடாகவா, சேர்?”

“வேற யார் ஊடாக? அவர்தானே உங்கட பிரிவுத் தலைவர்.”

“அவரைப் பற்றித்தானே சேர் எழுதப் போறன்.”

“அது கடிதத்துக்குள்ள இருக்கிற விசயம். ஊடாக எண்டது கடிதத்துக்கு வெளிய இருக்கிற விசயம். ரெண்டையும் குழப்பாதீங்க, மகள்.”

பதிவை உடனே நீக்கும்படியும், நீடிப்புக் கடிதம் தன் மேசையில் தயாராக இருப்பதாகவும், முப்பத்தோராம் திகதி வெகு தூரத்தில் இல்லை என்றும் அவர் மிகவும் அன்பாகச் சொல்லி அனுப்பினார்.

அஞ்சலினா நேரே கடிதப் பிரிவுக்குப் போனாள். வருகிற கடிதங்களுக்கெல்லாம் “கிடைத்தது” என்று திகதி முத்திரை குத்துகிற நஸ்ரியா அங்கே இருந்தாள். குறிஞ்சாக்கேணியிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள், நாற்பதைத் தாண்டியவள், அதிகம் கதைக்காதவள். கந்தோரில் இளையவர்களுக்கு அவள் ராத்தா, அதாவது அக்கா. என்ன செய்கிறது ராத்தா என்று அஞ்சலினா கேட்டதற்கு, நஸ்ரியா முத்திரையை மையில் அழுத்திக்கொண்டே, ஊடாகப் போட்டு எழுதும்படியும் பிறகு நடப்பதைப் பார்க்கும்படியும் சொன்னாள். அவள் குரலில் கிண்டலும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

அஞ்சலினா எழுதினாள். ஒரு பக்கம்தான். அதை எடுத்துக்கொண்டு வின்சன்டின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். கிழித்தெறிவார், கத்துவார், அல்லது சிரிப்பார் என்று மூன்றுக்கும் ஆயத்தமாகப் போயிருந்தாள். அவர் மூன்றையும் செய்யவில்லை. சிவப்புப் பேனையை எடுத்தார்.

வின்சன்ட் கடிதம் திருத்துவதில் பேர்போனவர். அவர் கையால் போன எந்த வரைவும் சிவப்புப் படாமல் திரும்பியது கிடையாது. மாமியாரின் மரண அறிவித்தலிலேயே மூன்று இடத்தைத் திருத்தி, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்த மனிதர். கடிதத்தைக் கண்டால் அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கண்ணில் படாது. பிழைதான் படும்.

“மூன்று தடவையும் பதிவறையில் எண்டு எழுதியிருக்கிறீர். பிழை. முதல் ரெண்டும்தான் பதிவறை. மூன்றாவது களஞ்சிய அறை.” வெட்டினார், எழுதினார், சுருக்கொப்பம் வைத்தார். “டிசம்பர் எண்டிருக்கு. அதுவும் பிழை. ஜனவரி ஒன்பது. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை, எனக்கு நல்ல ஞாபகம்.” வெட்டினார், எழுதினார், சுருக்கொப்பம். “இடுப்பில் கையை வைத்தார். எந்தக் கை? ஒரு உத்தியோகபூர்வக் கடிதத்தில கை எண்டு மொட்டையா எழுத ஏலாது. வலக்கையில பைல் இருந்தது. நான் பைலை வலக்கையிலதான் பிடிக்கிறனான்.” “கையை” என்பதை வெட்டி “இடக்கையை” என்று போட்டு, அதற்கும் சுருக்கொப்பம் வைத்தார்.

தான் கேட்டது சரிதானா என்று அஞ்சலினாவுக்கே ஐமிச்சமாக இருந்தது.

“இதுக்கெல்லாம் நீங்கள் ஒப்பம் வைக்கிறீங்களா, சேர்?”

“திருத்தினால் ஒப்பம் வைக்க வேணும் பிள்ளை. இல்லாட்டி ஆர் திருத்தினதெண்டு தெரியாமல் போயிடும். பிழையான தகவலோட ஒரு கடிதம் என்ட பிரிவிலயிருந்து வெளியில போகக் கூடாது.” அடியில் “பரிந்துரைக்கப்படவில்லை” என்று எழுதி, முழு ஒப்பமும் பதவி முத்திரையும் வைத்து, கடிதத்தை அவளிடமே நீட்டினார். முகத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடித்தவரின் திருப்தி.

விசாரணைக் குழு அடுத்த திங்கட்கிழமை மாநாட்டு அறையில் கூடியது. ஏழு அங்கத்தவர்கள். இப்படியான குழுவில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்வதால் ஒரு பெண்ணையும் நியமித்திருந்தார்கள். அவர் பிரசவ லீவில் இருந்தார். அதனால் அவருடைய கதிரையில் “பெண் அங்கத்தவர்” என்று ஒரு மட்டையை வைத்துவிட்டு மற்ற ஆறு ஆண்களும் சுற்றிவர உட்கார்ந்தார்கள். கூட்டக் குறிப்பில் வரவு ஏழு என்றே பதிவானது.

தலைமை ஸெய்னுதீன். சிவப்பு மைக் கடிதம் கையிலிருந்து கைக்குப் போய் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. படித்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள்.

ஒரே பக்கத்தில் மூன்று பிழை என்றார் ஒருவர். பிரதிவாதி தனக்கு எதிரான கடிதத்தைக்கூடப் பெருந்தன்மையோடு திருத்திக் கொடுத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். முறைப்பாட்டாளரின் நம்பகத்தன்மை கேள்விக்குரியது என்று எழுதிக்கொள்ளும்படி ஸெய்னுதீன் சொன்னார்.

“சேர்,” என்றாள் அஞ்சலினா. “அவர் அதில நிண்டிருக்காட்டி, எந்தக் கை எண்டு அவருக்கு என்னெண்டு தெரியும்?”

பெண் அங்கத்தவரின் மட்டை காற்றில் சரிந்து விழ, ஒருவர் அதை மரியாதையாக நிமிர்த்தி வைத்தார்.

“கேள்வி கேக்கிறது குழுவுட வேலை, மகள்,” என்றார் ஸெய்னுதீன்.

அடுத்து மொழிப் பிரச்சினை எழுந்தது. ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி தம்பிராசாவை அதற்காகவே குழுவில் போட்டிருந்தார்கள். இரண்டு அகராதிகளோடு வந்திருந்த அவர், “சேட்டை” என்ற சொல்லின் பூர்வீகத்திலிருந்து தொடங்கி முக்கால் மணித்தியாலம் பேசினார். சேட்டை என்றால் அசைவு. அசைவது உயிருள்ள உடம்பின் இயல்பு. குழந்தை செய்தாலும் சேட்டை, குரங்கு செய்தாலும் சேட்டை. சட்டத்துக்கு அகப்படக்கூடியது அங்கசேட்டை மட்டுமே. பதிவில் அங்கம் எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆகவே அங்கமில்லாத சேட்டைக்கு அங்கத்தவர்கள் கூடியதே அதிகப்படி என்பது அவர் முடிவு.

“கடிதத்தில இடுப்பு எண்டு இருக்குதே, சேர்.”

இடுப்பு ஓர் அங்கமா, அல்லது இரண்டு அங்கங்களுக்கு இடைப்பட்ட பகுதியா என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு வந்தது. ஒருவர் எழுந்து தன்னுடைய இடுப்பைத் தொட்டுக் காட்டினார். இன்னொருவர் அது இடுப்பு இல்லை, விலா என்றார். அஞ்சலினா நடுவில் நின்றாள். ஆறு ஆண்கள் தன் உடம்பை அகராதியில் தேடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டி வரும் என்று யாராவது முதலே சொல்லியிருந்தால், அவள் அந்தப் பதிவறையிலேயே ஊர் கூடும்படி கத்தியிருப்பாள்.

கடைசியாகக் கணினிப் பிரிவு றுவைஸைக் கூப்பிட்டார்கள். பாவம், முகநூல் முழுவதையும் அச்செடுத்து, ஒவ்வொரு தாளிலும் “மூலத்துக்கு ஒப்பான பிரதி” என்று முத்திரை குத்தி, அறுபத்துநாலு தாளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். பதிவுக்குக் கீழே முப்பத்தொரு சிரிக்கிற முகங்கள் இருப்பதாக அவன் சொன்னதும் தம்பிராசா நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பத்தொரு பேர் சிரிக்கிற விடயம் எப்படிக் குற்றமாகும்? பகிடி என்று ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறதே. அதில் பதினொரு சிரிப்பு இந்தக் கட்டடத்திலிருந்தே போயிருக்கிறது என்று சொல்ல றுவைஸ் வாயைத் திறந்தான். தன் மேலதிகாரி ஊடாக வராத தகவலைக் குழு ஏற்காது என்று அவனை அனுப்பிவிட்டார்கள்.

தீர்மானம்: நடந்தது, நடந்திருந்தால், சேட்டை. பதிவு அவதூறு. முப்பத்தோராம் திகதிக்கு முன்னர் பதிவை நீக்கி, மன்னிப்புக் கடிதம் தரப்பட வேண்டும். ஊடாக, உதவிப் பணிப்பாளர்.

அன்று பின்னேரம் பஸ்ஸுக்குள் நசிந்துகொண்டு நிற்கும்போதுதான் அஞ்சலினாவுக்குக் கோபம் வந்தது. அதுவரை பயமும் வெட்கமும் மட்டும்தான் இருந்தன. வீட்டுக்குப் போய், சிவப்பு மைக் கடிதத்தின் தன் பிரதியைப் படம் எடுத்தாள். தன் பெயரை மட்டும் மறைக்காமல் விட்டாள். விளக்கம் ஒன்றும் எழுதாமல் போட்டாள்.

குழுவுக்குப் புரியாதது ஊருக்கு ஒரு பார்வையில் புரிந்தது. “இடக்கையை” என்ற சொல்லும் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பமும் மூதூர் வரைக்கும், மட்டக்களப்பு வரைக்கும் போயின.

மூன்றாம் நாள் ஒரு தாதி தன் பக்கத்தில் இப்படி எழுதினாள்: “பெறுநர்: திருகோணமலை மக்கள். ஊடாக: இரவுக் கடமைப் பட்டியல் போடுகிற ஐயா.” அதற்குக் கீழே, நாலு வருடமாக யாருக்கும் சொல்லாத கதை. அதைப் பார்த்து ரியூசனுக்குப் போகிற பிள்ளை ஒன்று எழுதியது. கிண்ணியா பஸ்ஸில் வருகிற மாணவி எழுதினாள். சல்லியில் கருவாடு போடுகிற ஒரு தாய், தனக்கு எழுத்து அவ்வளவாக வராததால், மகளை உட்கார்த்தி வைத்துச் சொல்லச் சொல்ல எழுதுவித்தாள். “ஊடாக: ஐஸ் கட்டி தருகிற முதலாளி.” ஒரு கிழமைக்குள் #ஊடாக என்று தட்டினால் பக்கம் பக்கமாகக் கடிதங்கள் வந்தன. ஒன்றிரண்டைத் தவிர எதிலும் ஆளின் பெயர் இல்லை. ஆனால் வின்சன்டுக்கு வந்த நோய் ஊருக்குள் பரவியது. பெயரில்லாத ஒரே கடிதத்துக்கு நாலு ஆண்கள் தனித்தனியாக எழுதியவளுக்குத் தொலைபேசி எடுத்து, “என்னைப் பற்றி ஏன் எழுதினாய்” என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளை நாலாவது அழைப்பையும் பதிவு செய்து, நாலு பேருடைய குரலையும் வரிசையாகப் போட்டது.

கொழும்பிலிருந்து சபைக்கு அழைப்பு வந்தது. உடனே ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். சபைக்கு உடனே செய்யத் தெரிந்தது கூட்டம். மார்ச் எட்டில் நடந்திருக்க வேண்டிய மகளிர் தின விழா அனுமதி தாமதமாகி நின்றிருந்தது. அதை எடுத்துத் தூசி தட்டி, “பாதுகாப்பான பெண், பாதுகாப்பான கந்தோர்” என்று பெயர் மாற்றி இருபத்துநாலாம் திகதி நடத்தினார்கள். நவீன காலத்துக்கு ஏற்றபடி முகநூலில் நேரலை வேறு. வரவேற்புரை வின்சன்ட். வேறு ஆளைப் போடலாமே என்று றுவைஸ் கேட்டானாம். வரவேற்புரை உதவிப் பணிப்பாளரின் கடமைப் பட்டியலில் ஏழாவதாக இருக்கிறது, பட்டியலை மாற்ற அமைச்சு அனுமதி வேண்டும் என்று பதில் வந்ததாம்.

வின்சன்ட் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் நின்று, இருபது நிமிடம் பேசினார். பெண் தாய் என்றார், சகோதரி என்றார். பிறகு உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்.

“எனக்கும் ரெண்டு பெண் பிள்ளையள் இருக்கினம். நல்லாப் படிச்ச பிள்ளையள். ரெண்டு பேரையும் நான் எந்தக் கந்தோருக்கும் வேலைக்கு விடமாட்டன். ஏன்? முப்பது வருசமாக் கந்தோரில இருக்கிறனான். அங்க என்ன நடக்கிறதெண்டு எனக்குத் தெரியும்.”

மண்டபத்தில் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஸெய்னுதீனும் தட்டினார். நேரலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தட்டவில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இரவு சாப்பாட்டுக்கு முன்னர் மாவட்டம் முழுக்க அனுப்பி முடித்தார்கள்.

மறுநாள் ஸெய்னுதீன் தன் வாழ்நாளின் மிக நீளமான சுற்றறிக்கையை எழுதினார். “ஊடாக” என்பது அரச கருமச் சொல், அதைத் தனியார் முகநூலில் பாவிப்பது முறைகேடு. உண்மையிலேயே முறைப்பாடு உள்ளவர்கள் சபைக்கு நேரில் வந்து மூன்று பிரதிகளில் கையளிக்கலாம். யார் வரப்போகிறார்கள் என்ற துணிவில்தான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்திருந்தார். சபையின் முகநூல் பக்கத்திலேயே அதைப் போடவும் சொன்னார்.

முப்பத்தோராம் திகதி காலை ஏழே முக்காலுக்கு வாசலில் பெண்கள் நின்றார்கள். ஒன்பது மணிக்கு வரிசை மதிலைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டது. முக்காடு போட்டவர்கள், வெள்ளைச் சீருடையில் வந்தவர்கள், மீன் வாடையோடு வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள். எல்லோர் கையிலும் மூன்று மூன்று தாள். ஒருவரும் கோஷம் போடவில்லை. வெயிலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றார்கள். கையில் நீட்டுகிற கடிதத்தை வாங்கி முத்திரை குத்தாமல் விட எந்தக் கந்தோருக்கும் அதிகாரம் இல்லை. நஸ்ரியா வாங்கினாள், குத்தினாள், பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். வருகிற கடிதங்களின் பதிவேடு முடிய, இரண்டாவதைப் பிரித்தாள்.

பதினொரு மணிக்கு ஸெய்னுதீன் அஞ்சலினாவை அழைத்தார். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த மன்னிப்புக் கடிதம். மற்றது அவளுடைய நியமனத்தை ஒரு வருடம் நீடிக்கிற கடிதம், ஒப்பம் மட்டும் வைக்கவில்லை. ஜன்னல் திரையை அவர் இழுத்து மூடியிருந்தார். ஆனாலும் வெளியே பெண்கள் கதைக்கிற சத்தம் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. களைத்துப்போயிருந்தார். அவளுடைய வாப்பாவுக்கு ஏலாமல் இருப்பது தனக்குத் தெரியும் என்றார். தானும் பிள்ளைகள் பெற்றவன் என்றார். பதிவை நீக்கிவிட்டு இதில் ஒப்பம் வைத்தால், தான் அதில் ஒப்பம் வைப்பதாகவும், எல்லாவற்றையும் இன்றோடு மறந்துவிடலாம் என்றும் சொன்னார்.

“யோசிச்சுப் பாருங்க, மகள். உங்களுக்கு அந்தப் பதிவு பெரிசா, வேலை பெரிசா?”

அஞ்சலினாவுக்கு அப்பாவின் முழங்கால் ஞாபகம் வந்தது. அவளுக்கு வேலை பெரிது. அதை இல்லையென்று சொல்ல அவள் எந்த மேடையிலும் நிற்கவில்லை.

“இப்படி ஏதாவது ஒண்டைத் தெரிவு செய்யச் சொல்லி வின்சன்ட் சேரிட்டக் கேட்டீங்களா, சேர்?”

ஸெய்னுதீனுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “அவரிட்ட எப்படிக் கேக்கிறது? அவர் நிரந்தரம்.”

கதவடியில் யாரோ செருமினார்கள். நஸ்ரியா நின்றாள். விரல்களில் முத்திரை மை. கையில் ஒரு கடிதம்.

“நானும் நிரந்தரம்தான், சேர்,” என்றாள்.

உள்ளே வந்து கடிதத்தை மேசையில் வைத்தாள். தலைப்பில் “நினைவூட்டல்” என்று இருந்தது. அதற்குக் கீழே மூன்றே வரிகள். மேற்படி விடயம் தொடர்பாக உரிய வழியூடாக ஏற்கெனவே அனுப்பிய கடிதத்துக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை என்றும், பதிலைத் தயவுடன் எதிர்பார்ப்பதாகவும் எழுதியிருந்தாள். பின்னால் பழைய கடிதத்தின் பிரதியை ஊசி குத்தி இணைத்திருந்தாள். மடிப்புகளில் கிழியத் தொடங்கிய தாள். பதினொரு வருடத்துக்கு முந்திய திகதி. அப்போது நிர்வாக உத்தியோகத்தராக இருந்த ஸெய்னுதீன் அதன் ஓரத்தில் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: “வின்சன்ட், உரிய நடவடிக்கைக்கு.”

கடிதம் யாரைப் பற்றியது என்று அஞ்சலினா படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இல்லை.

ஸெய்னுதீன் தன் கையெழுத்தைப் பார்த்தார். இது பழைய விடயம், பைல் எங்கே இருக்கிறதோ தெரியாது என்றார். பிறகு, குற்றம் கண்டுபிடித்துவிட்டவர் போலத் தலையை நிமிர்த்தினார்.

“அப்ப ஏன் இவ்வளவு காலமும் நீங்க ஒண்டும் கேக்கல்ல?”

“பதில் வருமெண்டு இருந்தனான், சேர். வழி நீளம் போல எண்டு நினைச்சன்.”

அதை அவள் குத்திக்காட்டுகிற மாதிரிக்கூடச் சொல்லவில்லை. நினைவூட்டலில் தானே கொண்டுவந்த முத்திரையால் “கிடைத்தது” என்று குத்தி, அன்றைய திகதியைச் சரிபார்த்து, அதை அவர் முன்னால் வைத்துவிட்டுப் பழைய கடிதத்தைத் தான் எடுத்துக்கொண்டாள்.

அஞ்சலினா மன்னிப்புக் கடிதத்தைத் தொடவில்லை. நீடிப்புக் கடிதத்தையும் தொடவில்லை. வேலை போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நஸ்ரியாவுக்குப் பின்னால் வெளியே வந்தாள்.

வரிசை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. நஸ்ரியா தன் கதிரையில் உட்கார்ந்து நாலைந்து கடிதங்களுக்கு முத்திரை குத்தினாள். பிறகு நிறுத்திவிட்டு, கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அஞ்சலினாவிடம் நீட்டினாள். தனக்குப் பேஸ்புக் கிடையாது, ஒன்று திறந்து தா என்றாள். வரிசையின் முன்னால் நின்ற பெண், அவசரம் இல்லை என்று சொல்லிக் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

அஞ்சலினா நின்றபடியே கணக்கைத் திறந்து, பழைய கடிதத்தை ஒவ்வொரு சொல்லாகத் தட்டினாள். பெறுநர் என்ற இடத்தில் ஊரின் பெயரைப் போட்டாள். அடுத்த வரியில் விரல் நின்றது.

“ஊடாக எண்ட இடத்தில என்ன போட, ராத்தா?”

நஸ்ரியா முத்திரையை மையில் அழுத்தினாள்.

“அந்த வரியே வேணாம். நேரா போகட்டும்.”